பம்பருக்கும் மராமத்து உண்டு

இந்த வாரம் கார் பம்பரைப் பற்றி எழுதப் போகிறேன். சைக்கிளும் ஒரு மொபெட்டும் தவிர வேறெதையும் ஓட்டியறியாத குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். புதுச்சேரி அரசுப் பணியில் இருந்த காலத்தில் துறை ஜீப்புகளின் ரிப்பேர் பில்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது பல ஆண்டுகள் என் மேஜை வேலை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எஸ்டிமேட் படிக்கத் தெரியும். இன்றைய சண்டை எஸ்டிமேட்டோடுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரிசல் விட்ட பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவதற்கு ரிப்பேர் என்று பெயர் வைப்பது மோசடி. அது விற்பனை. பத்து ரூபாய் உடனடிப் பசையால் ஒட்டி அனுப்புவதும் ரிப்பேர் அல்ல, அது கண்துடைப்பு. இரண்டுக்கும் நடுவில் உண்மையான மராமத்து என்று ஒன்று இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகாமல் 'மாத்திடுங்க' என்று தலையாட்டும் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன்.

விவகாரம் இதுதான். என் தங்கை பேரனுக்கு இருபத்துநான்கு வயது. சேதராப்பட்டில் வேலை. பழைய கார் ஒன்றை வாங்கி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்வதுபோல் குட்டையான ஸ்பிரிங் போட்டுத் தரையோடு தரையாக இறக்கிவிட்டான். முன்னால் 'லிப்' என்று ஒரு பிளாஸ்டிக் உதடு, இரண்டு பக்கமும் 'சைடு ஸ்கர்ட்' என்று பிளாஸ்டிக் பாவாடை. ஒரு நாள் இரவு பெயிண்ட் அடிக்காத வேகத்தடை ஒன்றில் இடித்தான். பம்பரின் கீழ் மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், மாட்டும் காதுகளில் இரண்டு உடைந்தன, ஒரு பக்கத்துப் பாவாடையும் பிளந்தது.

பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினான். பம்பர், பாவாடை, கிளிப், பெயிண்ட், கூலி, வரி எல்லாம் சேர்த்து 23,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்தது. "பிளாஸ்டிக்னா மாத்தித்தான் ஆகணுமாம் தாத்தா" என்று தாளை என்னிடம் நீட்டினான். வாங்கிப் படித்தேன். ஏழு வரிகள். ஏழிலும் 'பழுது பார்த்தல்' என்ற சொல்லே இல்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு தாள் வந்தால் அதே நாளில் திருப்பி அனுப்பியிருப்போம். அரசாங்கப் பொருளைத் தூக்கி எறிய வேண்டுமென்றால், பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சான்று எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் புதிது வாங்கும் பேச்சு. அரசு அலுவலகம் என்றாலே சிரிக்கிறவர்கள் இந்த ஒரு விதியையாவது வீட்டுக்கு எடுத்துப் போகலாம். 'ஏன் பழுது பார்க்க முடியாது?' என்று கேட்பதற்குப் பெயர் கஞ்சத்தனம் அல்ல, நடைமுறை.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். நம் மாலை நடைக் கூட்டத்திலேயே இதைச் சொன்னபோது நண்பர்கள் பையன் மேல் பாய்ந்தார்கள். "காரை இறக்கினவன் அனுபவிக்கட்டும், 23,000 செலவானால்தான் புத்தி வரும்" என்றார் ஒருவர்.

காரை இறக்கியதை நானும் ஆதரிக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. சட்டத்தை விட்டாலும், சிலர் செய்வதுபோல் ஸ்பிரிங்கின் சுற்றுகளை அறுத்து இறக்கினால் மீதி ஸ்பிரிங் விறைத்துப் போகும், சக்கரம் ஏறி இறங்க இடமும் குறையும். ஒவ்வொரு குழியும் நேராக உடம்பில் இடிக்கும், வண்டி உடம்பிலும் ஓட்டுகிறவன் உடம்பிலும்.

பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோயன் டி.எஸ். காரை நம்மில் சிலர் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1955-இல் பாரிஸ் கண்காட்சியில் வந்தது. எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் சஸ்பென்ஷன் அதற்கு. நிறுத்தி வைத்தால் மெல்லத் தரைக்கு இறங்கி உட்காரும். எஞ்சினைக் கிளப்பினால் எழுந்து நிற்கும். மோசமான பாதை வந்தால் உயரத்தைக் கூட்ட உள்ளேயே ஒரு நெம்புகோல் உண்டு. தாழ்வான காரைச் செய்தவர்கள் அதைத் தூக்கவும் வழி வைத்தார்கள். நம் பிள்ளைகள் இறக்க மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் நண்பர்களே, குற்றம் பையன் மேல் மட்டும்தானா? வேகத்தடைக்கும் ஒரு அளவு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி பொதுப் போக்குவரத்துச் சாலையில் அது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டரில் தாண்டுவதற்கானது. நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரின் மூக்கு முன்சக்கரத்துக்கு முன்னால் முக்கால் மீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் இந்த மேட்டைத் தொடும்போது மூக்கின் அடியில் மேட்டின் உயரம் ஆறரை சென்டிமீட்டர்தான். பையன் வண்டியின் உதடு தரையிலிருந்து 11 சென்டிமீட்டர். விதிப்படி கட்டிய வேகத்தடையில், இறக்கிய அந்தக் காரும் உரசாமல் போயிருக்கும்! நம் தெருக்களில் இருப்பவை விதிப்படியா கட்டப்பட்டவை? இரண்டடி அகலத்தில் சுவர் மாதிரி ஒரு தார்க்கட்டி. நேற்று வைத்ததற்கு இன்று வெள்ளைக் கோடு கிடையாது. இறக்காத கார்களும் ஆட்டோக்களும் அடி வாங்குவதைத் தினமும் பார்க்கிறோம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும் நம் வயதுக்காரர்களின் இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

ஆக, இறக்கியது அவன் தவறு, தார்க்கட்டி ஊரின் தவறு. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நல்ல பிளாஸ்டிக் பம்பருக்கு மரண தண்டனை கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

இப்போது பொருளைப் பார்ப்போம். பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குச் சின்ன வகுப்புகளில் 'லெசொன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருட்பாடம் என்று சொல்லலாம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார், எதனால் ஆனது என்று சொல். அந்தப் பழக்கத்தில் பையனிடம் "பம்பரைக் கழற்றித் திருப்பிப் போடு" என்றேன். பின்பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவில் 'பி.பி. கூட்டல் ஈ.பி.டி.எம்.' என்று அச்சாகியிருந்தது. அந்தப் பிளாஸ்டிக்கின் ஜாதகமே அதுதான். பி.பி. என்றால் பாலிப்ரொப்பிலீன். ஈ.பி.டி.எம். ஒரு வகை ரப்பர். வளைந்து கொடுப்பதற்காகச் சேர்ப்பது. பெரும்பாலான பம்பர்கள் இந்த வகைதான். பாவாடையின் உள்பக்கம் ஏ.பி.எஸ். என்று இருந்தது. வேறு பிளாஸ்டிக், வேறு குணம்.

பம்பரைப் பிரெஞ்சில் 'பார்-ஷோக்' என்பார்கள். இடியைத் தடுப்பது என்று பொருள். இடி வாங்குவதுதான் அதன் வேலை. 1972-இல் ரெனோ 5 காரில் இரும்பை விட்டுவிட்டுக் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் கவசத்தை வைத்ததே, நெருக்கமாக நிறுத்தும்போது படும் சின்ன இடிகளைச் சமாளிக்கத்தான். இன்றைய கார்களில் நாம் பம்பர் என்று கூப்பிடுவது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள மேல்தோல். உண்மையான பலம் அதற்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் இருக்கிறது. தோலில் கீறல் விழுந்தால் தையல் போடுவோமா, தோலையே மாற்றுவோமா?

இந்தத் தையல் நமக்குப் புதிதல்ல. 'பிளாஸ்டிக் குடம், வாளி ஒட்டறது' என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவர்களை நினைவிருக்கிறதா? பழைய குடத்திலிருந்து ஒரு கீற்றை வெட்டி, காய்ச்சிய இரும்பால் விரிசலின் இரு பக்கத்தையும் அந்தக் கீற்றையும் சேர்த்து உருக்கி இழுத்துவிடுவார்கள். அவர்கள் பசை தொட்டதே இல்லை. ஏன் தெரியுமா? குடத்துப் பிளாஸ்டிக்கும் பம்பர் பிளாஸ்டிக்கும் எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி. சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. உடனடிப் பசையும் இரண்டு குழாய் எபாக்ஸியும் அன்றைக்கு ஒட்டினாற்போல இருக்கும். அடுத்த வெயிலில், அடுத்த அதிர்வில் உரிந்து வந்துவிடும். அதே பிளாஸ்டிக்கை அதே பிளாஸ்டிக்கோடு உருக்கிச் சேர்த்தால்தான் நிற்கும். வேதியியல் படிக்காத அந்த மனிதர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஏ.சி. போட்ட ஒர்க்‌ஷாப்புக்குத் தெரியவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். தெரியும். சொல்வதில்லை.

வில்லியனூர் சாலைப் பக்கம் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் பையனைக் கூட்டிப் போனேன். அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தார். விரிசல் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு துளை போட்டார். அது இல்லாவிட்டால் விரிசல் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். நசுங்கியிருந்த இடத்தில் கொதிநீரை ஊற்றி உள்ளிருந்து தள்ளினார், பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. பிறகு பின்பக்கத்தில் விரிசல் நெடுக, கனத்தில் பாதிக்கு மேல் ஆழமாக, வாய்க்கால் மாதிரி கீறினார். சூடான கருவியால் அதே பி.பி. கம்பியை உருக்கி வாய்க்காலை நிரப்பினார். வெறுமனே மேலே பூசக்கூடாது, அடிப் பிளாஸ்டிக்கும் உருகிக் கலக்க வேண்டும் என்றார். பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகும். அதிகம் சூடேற்றினால் கருகிப் பலம் போய்விடும். கை அறிந்த வேலை அது. பின்பக்கத்தில் துருப்பிடிக்காத எஃகு வலைத் துண்டு ஒன்றைச் சூட்டோடு அழுத்திப் புதைத்து, அதன் மேலும் பிளாஸ்டிக் ஓட்டினார். முன்பக்கத்திலும் அதே வாய்க்கால், அதே நிரப்பு. உடைந்த காதுகளுக்கும் வலையை வெட்டி மடித்து, அதன் மேல் பிளாஸ்டிக் உருக்கி, துளை போட்டுப் புதுக் காது செய்தார். பாவாடைக்கு ஏ.பி.எஸ். கம்பி. அந்தப் புகை கெடுதல் என்று முகமூடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து செய்தார்.

கடைசியில் உப்புத்தாள் தேய்த்து, வளைந்து கொடுக்கும் பட்டி வைத்து, பெயிண்டுக்கு முன் பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பிடிமான பிரைமர் அடித்தார். இதை விட்டுவிட்டால் பெயிண்ட் மழைக்கு அப்பளம் மாதிரி உரியும். ஒன்றரை நாள் வேலை. பெயிண்ட் உட்பட 5,500 ரூபாய். ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. விரிசல் இருந்த இடத்தை நான் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன்.

இனி காசு எங்கே போகிறது என்று பாருங்கள். புது பம்பர் விற்றால் உதிரிபாகத்தில் லாபம், மாட்டும் கூலியும் உண்டு, ஆள் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடுவான். வெல்டிங் செய்தால் ஒன்றரை நாள் கை தெரிந்த ஆள் வேண்டும். அதனால்தான் எஸ்டிமேட்டில் அந்த வரி இல்லை. 'இன்சூரன்ஸ் இருக்கே சார்' என்பார்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். தேய்மானம் கழிக்காத பாலிசிக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். எப்படியும் கட்டாயப் பங்கு என்று 1,000 அல்லது 2,000 நம் கையிலிருந்து போகும். கிளைம் கேட்டுவிட்டால் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸும் போச்சு. அது முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், ஐந்து ஆண்டில் 50 சதவீதம் வரை வளர்வது. சின்ன விரிசலுக்காக அதைப் பறிகொடுப்பவர்கள் கால்குலேட்டரைத் தொடாதவர்கள். அதற்கு மேல், இறக்கிய கார் என்றால் சர்வேயர் வேறு கேள்விகளும் கேட்பார்.

பிரான்சில் 2017 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. காரைப் பழுது பார்க்கும் கடைக்காரர், சில வகைப் பாகங்களுக்குப் புதிதுக்குப் பதிலாகப் பழைய காரிலிருந்து எடுத்த நல்ல பாகத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்ற வாய்ப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். நம் நாட்டிலும் 'பழுது பார்க்கும் உரிமை' என்று 2022-இல் மத்திய அரசு குழு அமைத்து இணையதளமும் திறந்தது. அதில் மோட்டார் வாகனமும் ஒரு துறை. நல்லதுதான். ஆனால் உரிமை தாளில் இருந்து என்ன பயன், எஸ்டிமேட்டில் ஒரு வரியாக வராத வரை? பழுது பார்க்க என்ன செலவு, மாற்ற என்ன செலவு என்று இரண்டு தொகையையும் பக்கம் பக்கமாக எழுதித் தரச் செய்யுங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒட்டலாம் என்று நான் சொல்லவில்லை. பின்னாலிருக்கும் இரும்புச் சட்டம் வளைந்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். பம்பருக்குப் பின்னால் ரேடார் வைத்த புதிய கார்களில் அந்த இடத்தில் பட்டியும் வலையும் வைத்தால் கருவி குழம்பும். துண்டு துண்டாக நொறுங்கிப் பாதி காணாமல் போனது என்றாலும், வெயிலில் வருடக்கணக்காக வெந்து பிஸ்கட் மாதிரி முறிகிறது என்றாலும் விட்டுவிடுங்கள். பெயிண்ட் இல்லாத கறுப்புச் சொரசொரப்புப் பட்டையில் ஒட்டினால் தழும்பு தெரியும். தெரிந்தால் என்ன? என் முழங்காலில் கூடத்தான் தெரிகிறது.

'ஒட்டுப்போட்ட வண்டி' என்றால் கௌரவக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுப்பணித் துறையை நாம் வெகுகாலம் மராமத்து இலாகா என்றுதான் அழைத்தோம். பழுது பார்ப்பதை ஒரு இலாகாவின் பெயராகவே வைத்திருந்தவர்கள் நாம். கடற்கரைச் சாலையில் நம் பழைய மேரி கட்டடம் விரிசலோடு நின்றதை எத்தனை வருடம் பார்த்தோம்? 2014 மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். அழகாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கல்யாணப் பதிவுக்கு நம் பெரியவர்கள் ஏறிய படிகள் அல்ல அவை. சின்ன விரிசலைச் சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பதற்கு இந்த ஊரில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கொட்டகைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல். தொழில் கற்றுக்கொள்ள ஆள் வருவதில்லை என்றார். "எல்லாரும் மாத்திட்டுப் போயிடறாங்க சார், எனக்கு மாசத்துல பாதி நாள் வேலையில்லை." நாம் எல்லோரும் இன்னும் பத்து வருடம் 'மாத்திடுங்க' என்று சொன்னால், குடம் ஒட்டுகிறவர் தெருவிலிருந்து மறைந்ததுபோல இவரும் மறைவார். அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்காரர் சொல்வது உண்மையாகிவிடும். பழுது பார்க்க நிஜமாகவே வழி இருக்காது.

பட்டறையிலேயே பையனிடம் ஒரு நிபந்தனை போட்டேன். பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு வண்டியை ஏற்று, உதட்டைக் கழற்று, இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நிற்பாய். ஸ்பிரிங்கை மாற்றிவிட்டான். உதட்டைக் கழற்ற இன்னும் மனம் வரவில்லை, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது விரிசலோடு வந்து நின்றால், அவர்களைத் திட்டுவதற்கு முன் பம்பரைத் திருப்பிப் போட்டு எழுத்தைப் படியுங்கள். முதலாளி மேஜையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஊரில் கம்பி உருக்கத் தெரிந்தவர் யார் என்று விசாரியுங்கள். முத்தியால்பேட்டையிலோ அரியாங்குப்பத்திலோ காலாப்பட்டுப் பக்கமோ அப்படி ஒருவரைத் தெரிந்தவர்கள் மாலையில் நடக்க வரும்போது எனக்கும் சொல்லுங்கள். என் நோட்டுப் புத்தகத்தில் தனிப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.